அனுப்பிய படத்தில் இருந்தவள்

அனுப்பிய படத்தில் அம்மா கண் விழித்திருந்தாள்.

சின்னவள் அதை முதலில் ஒரு பிழையாகத்தான் பார்த்தாள். பிழைகளைப் பார்ப்பதுதான் அவளுடைய தொழில். பதிப்பகம் மின்னஞ்சலில் அனுப்பும் பக்கங்களைத் தெருமுனைக் கடையில் அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தி, திருத்திய பக்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, வந்த அஞ்சலுக்கே பதிலாக இணைத்து அனுப்புவாள். எப்போதோ ஒருமுறை திருத்திய பக்கத்துக்குப் பதிலாகத் திருத்தாததை இணைத்துவிட்டாள். புத்தகம் அப்படியே அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து, அனுப்பிய அஞ்சலைத் திரும்பத் திறந்து, இணைப்பைத் தொட்டு, படத்தை விரித்துப் பார்க்காமல் அவள் கைப்பேசியைக் கீழே வைத்ததில்லை. மற்றவர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி.

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான், காதோரம் நரைத்த பிறகும். எல்லோரும் என்பதில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் கடல்கடந்து வாழும் அண்ணனும், பின்னறையில் படுத்திருக்கும் அம்மாவும் மட்டுமே. அம்மாவைப் பக்கவாதம் சாய்த்த நாள்முதல் அவளுக்குப் பேச்சில்லை, அசைவில்லை; மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி இறங்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிவிட்டன. கண்கள் பெரும்பாலும் மூடியே இருக்கும். திறந்தாலும் பார்வை எதன்மீதும் நிற்காது. தண்ணீரில் மிதக்கும் பூவைப்போல ஒதுங்கிப் போய்விடும்.

அனுப்பிய படத்தில் அந்தக் கண்கள் நேராக, நிலையாக, படம்பிடித்த கைப்பேசிக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தன.

மழை விட்டிருந்த சாயங்காலம் அது. பின்னறைச் சுவரிலிருந்து ஈரமும், கட்டிலிலிருந்து கிருமிநாசினியும் பவுடரும் கலந்த வாடையும் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றோடு, இரவும் பகலும் நிற்காத அந்த ஓசையும்: படுக்கைப் புண் வராமல் இருக்க அம்மாவுக்கு விரித்திருந்த காற்று மெத்தையின் மோட்டார், கட்டிலின் கால்மாட்டில் தொங்கியபடி, மெத்தையின் அறைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பியும் வடித்தும், தூங்குகிறவரின் பக்கத்தில் விழித்திருக்கும் ஒருவர்போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

சின்னவள் படத்தொகுப்பைத் திறந்தாள். சற்றுமுன் எடுத்த படம் அங்கே இருந்தது. அதே தலையணை, அதே நீலப் போர்வை, அதே கோணம். கண்கள் மூடியிருந்தன. வேறொரு படத்தை இணைத்துவிட்டோமோ என்று தேடினாள். வேறு படமே இல்லை. எடுத்தது ஒன்று, இணைத்தது அந்த ஒன்றை.

எழுந்து போய் பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அம்மா கண்மூடிக் கிடந்தாள்.

தினமும் ஒரு படம் என்பது அண்ணனின் கட்டளை. ஒருநாள் புரட்டிப் படுக்கவைக்கும்போது அம்மா கைநழுவிக் கட்டில் சட்டத்தில் மோதி, கன்னத்து எலும்பின்மேல் நீலம் பாரித்துவிட்டது. வீடியோவில் அதைப் பார்த்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அடிச்சியா?" என்பதுதான். இரண்டாவது கேள்வியே இல்லை. நேரே உத்தரவுக்குப் போய்விட்டான். முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், தினமும் இருட்டுவதற்குள். ஒரே அஞ்சல் இழையில், பதிலாக மட்டும். உரைக்குள் ஒட்டக்கூடாது, முழு அளவில், கோப்பாக இணைக்க வேண்டும். "மெயில்னா அழிக்க முடியாது. நாளைக்கு ஒண்ணுன்னா அதுதான் சாட்சி" என்றான். ஒருநாள் தவறினாலும் முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் அவன் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தான்.

அந்த இல்லத்தைச் சின்னவள் போய்ப் பார்த்திருந்தாள். வரிசை வரிசையாகக் கட்டில்கள். குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க மணிக்கட்டுகளைத் துணிநாடாவால் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். கட்டப்பட்ட ஒரு கை அவளைப் பார்த்து, வா என்பதுபோல விரல்களை மட்டும் அசைத்தது. திரும்பி வந்து அம்மாவின் காதருகே குனிந்து, "அங்க உன்ன விடமாட்டேன்" என்று சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டதா என்பது தெரியாது. கேட்டிருந்தாலும் மகிழ்ந்திருப்பாளா என்பதும் தெரியாது. கால் நடமாடிய காலத்தில் அம்மா யாருக்கும் எதற்கும் நன்றி சொன்னவளல்ல. பெரியவன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான் என்று சின்னவள் பரிமாறிய தட்டின்முன் உட்கார்ந்தே சொல்வாள். ஆனாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

எனவே, பிழை என்றால் திருத்த வேண்டும். சின்னவள் அதே இழையில் பதிலைத் தொட்டு, 'முந்தைய படத்துக்கு மாற்றாக இதைக் கொள்ளவும்' என்று எழுதி, கிளிப் குறியை அழுத்தி, படத்தொகுப்பில் கண்மூடிய படத்தைத் தேர்ந்து, அது சிறுவடிவில் அஞ்சலின் அடியில் வந்து அமர்ந்ததைச் சரிபார்த்து அனுப்பினாள். பிறகு, வழக்கப்படி, அனுப்பியதைத் திறந்தாள்.

கண்கள் திறந்திருந்தன. தலை, தலையணையிலிருந்து சற்றே எழும்பியிருந்தது.

அண்ணனின் பதில் உடனே வந்தது. அவனுடைய ஊரில் அது விடியற்காலை.

'கண் நன்றாகத் தெரிகிறதே. தலையையும் தூக்குகிறாள். இத்தனை நாளாக என்னிடம் ஏன் சொல்லவில்லை? இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாய்?'

*

காலையில் வந்து போகும் நர்ஸம்மா பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த வாயும் உடையவள். அவள் வந்தால்தான் அந்த வீட்டில் குரல் என்று ஒன்று கேட்கும். வழக்கமாக அம்மாவைப் புரட்ட இருவரும் இருபுறமும் நின்று, போர்வையைப் பிடித்து, மூச்சை அடக்கி இழுக்க வேண்டும். அன்று சின்னவள் கைகழுவி வருவதற்குள் நர்ஸம்மா தனியாகவே புரட்டியிருந்தாள்.

"ஏம்மா, குழாயில கஞ்சி ஊத்தறியா, இல்ல காத்தடைச்சு விடறியா?"

"ஏன்?"

"நேத்து வரைக்கும் ரெண்டு பேரும் முக்கி முனகினோம். இன்னிக்குத் தலகாணியத் திருப்பற மாதிரி திரும்பறாங்க. ஒரு கையால." செய்தும் காட்டினாள். அம்மாவின் தோள் அவள் உள்ளங்கையில் எழுந்து, சத்தமின்றித் திரும்பியது. "உடம்பு பாக்க அப்படியேதான் இருக்கு. எடை மட்டும் எங்க போச்சு? இந்த வித்தைய எனக்குச் சொல்லிக்குடுங்க தாயே, நானும் ரெண்டு சுத்து இளைச்சுக்கிறேன்."

அவள் சிரித்தாள். சின்னவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பிறகு நர்ஸம்மா நாடி பார்த்தாள், சூடு பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். ஆனால் கிளம்பும்போது, செருப்பை மாட்டியபடியே, கட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

அவள் போனபின்தான் சின்னவளுக்கு அந்த வேறுபாடு காதில் பட்டது. மோட்டார் மெலிந்து ஒலித்தது. பாரம் இருக்கும்போது அதன் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். மெத்தையின் ஒவ்வோர் அறையையும் ஓர் உடலைத் தள்ளிக்கொண்டுதான் அது நிரப்பியாக வேண்டும். இப்போது அது ஒரு மெல்லிய, உயர்ந்த, எதிர்ப்பே இல்லாத சீழ்க்கையாக இருந்தது.

பகல் முழுவதும் அவள் திருத்த எடுத்த பக்கத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வெகு கவனமாகப் படம் எடுத்தாள். விளக்கைப் போட்டு, சன்னலைச் சாத்தி, கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒரே ஒரு படம். அது படத்தொகுப்பில் எப்படி இருக்கிறது என்று விரித்துப் பார்த்தாள். அம்மா மல்லாந்து, கண்மூடி, வாய் சற்றுத் திறந்து. அஞ்சலில் இணைத்த பின்னும் விரித்துப் பார்த்தாள், மல்லாந்து, கண்மூடி. அனுப்பு என்பதைத் தொட்டாள். திரையின் மேலே ஒரு மெல்லிய கோடு ஓடி முடிந்தது. அந்தக் கணத்தில் பின்னறையில் மெத்தை உஸ்ஸென்று ஒருமுறை எழும்பிய ஓசை கேட்டது.

அனுப்பியதைத் திறந்தாள்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, கால்களை நீட்டி, கைகளை முழங்கால்மேல் வைத்து. சுருண்டு இறுகிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, முழங்கால் சில்லை மூடியிருந்தன. முகம் வாசலைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை, அதற்குள் இன்னொரு வழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டவள்போல, ஊன்றிப் பார்த்தது.

கைப்பேசி கையிலேயே அதிர்ந்தது. அண்ணன் அழைத்தான்.

"என்ன விளையாட்டு இது?"

"அண்ணா, நான் அனுப்பினது அது இல்ல..."

"அம்மா உக்கார்ந்திருக்காங்க. சுவத்துல சாஞ்சு ஜம்முன்னு உக்கார்ந்திருக்காங்க. அசையவே முடியாதுன்னு என்கிட்ட இவ்வளவு நாளா பாட்டு பாடிட்டிருந்தியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அம்மா படுத்துட்டுதான் இருக்காங்க. இப்பவும் பார்த்துட்டுதான் பேசறேன்."

"அப்ப நான் பாக்கறது யாரு? உங்கம்மாவா, எங்கம்மாவா?"

அவள் பின்னறை வாசலில் நின்றிருந்தாள். கட்டிலில் நீலப் போர்வை இருந்தது. அதன்கீழ் மார்பு ஏறி இறங்குவதும் தெரிந்தது. ஆனால் நேற்றைவிடக் குறைந்த உயரத்துக்கு.

"வீடியோல பேசலாம்ணா. நேர்லயே காட்டறேன்."

"வீடியோல என்ன பதிவாகும்? நாளைக்கு நான் அப்படிக் காட்டவே இல்லைன்னு சாதிப்பே. உன்னத் தெரியாதா எனக்கு? மெயில்ல அனுப்பு. ஒழுங்கா எடுத்து இப்பவே அனுப்பு."

"அனுப்பறதுதான் தப்பாப் போகுது."

"தப்பா அனுப்பறவ நீ. பழிய மட்டும் போன் மேல போடு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்." மூச்சிரைத்தான். "பெத்த தாய நடக்கவிடாம படுக்கையில போட்டு வெச்சுக்கிட்டு, தியாகின்னு பேர் வாங்கறே. நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாப்பேன். ஒழுங்கான படம் வரலேன்னா வண்டி வரும். அவ்வளவுதான்."

வைத்துவிட்டான்.

அவள் திருத்தினாள். வேறென்ன செய்வாள்? பிழையோடு ஒரு பக்கம் வெளியே போய்விட்டால், சரியான பக்கத்தைப் பின்னாலேயே அனுப்ப வேண்டும் என்பதுதான் அவள் கற்ற ஒரே தருமம். அதே மூடிய கண்களை இணைத்து அனுப்பினாள். திறந்தாள். அம்மாவின் பாதங்கள் தரையில் இருந்தன. 'பிழைக்கு வருந்துகிறேன்' என்று எழுதி மீண்டும் அனுப்பினாள். அம்மா கட்டில் சட்டத்தைப் பற்றி எழுந்துகொண்டிருந்தாள். அவிழ்ந்த கொண்டை ஒரு தோளில் சரிந்திருந்தது. அனுப்பினாள். அம்மா நின்றாள். அனுப்பினாள். அம்மா கட்டிலைச் சுற்றி வந்து கால்மாட்டில், மோட்டாருக்கு இப்பால், சின்னவள் நின்று படமெடுத்த இடத்துக்கு ஓர் அடி முன்னால்.

ஒவ்வொரு முறையும் பின்னறையில் மெத்தை உஸ்ஸென்றது.

ஒவ்வொரு முறையும் சீழ்க்கை மெலிந்தது.

அப்போதுதான் அவள் விரல் நின்றது.

*

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தான் அரளவில்லை என்று சின்னவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் முழு வெளிச்சத்தில், உணவு மேசையில் உட்கார்ந்து, அந்த இழையை மேலிருந்து கீழாக, ஒரு நூலின் பக்கங்களைச் சரிபார்ப்பதுபோலச் சரிபார்த்தாள். படுத்திருந்தவள், தலை தூக்கியவள், உட்கார்ந்தவள், நின்றவள், வந்துகொண்டிருப்பவள். விரலால் தள்ளத் தள்ள அம்மா நடந்தாள். எந்தப் படத்திலும் சன்னல் பக்கமோ கதவுப் பக்கமோ ஒருமுறைகூடத் திரும்பவில்லை. போக வேண்டிய வழி எது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் ஐயமில்லை.

நர்ஸம்மா அன்று காலை வந்தாள், போர்வையை விலக்கினாள், அம்மாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள். பிறகு போர்வையைத் தாடைவரை இழுத்து மூடி, ஓரங்களைச் செருகி, தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"டாக்டரக் கூப்பிடும்மா. இது என் வேலை இல்ல."

"என்னன்னு சொல்லிட்டுப் போங்க."

"என்னத்தச் சொல்ல? முப்பது வருஷமா எத்தனையோ பேரத் தூக்கிட்டேன். உசிரு போனவங்களையும் தூக்கியிருக்கேன். அவங்க கனப்பாங்கம்மா. இப்படி இருக்க மாட்டாங்க." வாசல்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "உள்ள யாரோ கழட்டிப் போட்ட துணி மாதிரி இருக்கு" என்றாள்.

டாக்டர் தொலைபேசியில், மூச்சு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், நாளை வருகிறேன் என்றார்.

சின்னவள் தானே போய்த் தூக்கிப் பார்த்தாள். தோளுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. தேவையற்ற பலத்தோடு தூக்கியதில் தடுமாறிப் பின்னால் சாய்ந்தாள். அம்மா அவள் கைகளில் இருந்தாள்: வெதுவெதுப்பாக, மூச்சோடு, ஒரு தோய்த்துலர்ந்த புடைவையின் எடையில். பதறிக் கீழே கிடத்தினாள். மெத்தை அமுங்கவில்லை.

அப்படியானால் போய்க்கொண்டிருந்தது பிரதியல்ல.

அந்த எண்ணம் வந்ததும் வேறெந்த எண்ணத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. இணைத்து அனுப்பினால் அனுப்புகிறவரிடம் மூலம் அப்படியே இருக்கும், பெறுகிறவருக்குப் பிரதி போகும் என்பதுதான் உலக வழக்கு. இங்கே மூலம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, திருத்தம் திருத்தமாக, அவளே அனுப்பிக்கொண்டிருந்தாள். இல்லத்துக்கு விடமாட்டேன் என்று காதில் சொன்னவள், விரலால் வழியனுப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓர் அடிதான் பாக்கி.

சரி. அனுப்பக்கூடாது.

அனுப்பாவிட்டால் வண்டி வரும். வந்து எதை ஏற்றிக்கொண்டு போவார்கள்? அந்த எடையை எந்தத் துணிநாடாவால் கட்டுவார்கள்?

பிற்பகலிலேயே வானம் கறுத்துவிட்டது. கூடத்தின் மூலைகள் ஒவ்வொன்றாக மங்கின; விளக்கைப் போட எழுந்தவள், போட்டால் கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலுள்ள நடைவழி இன்னும் இருட்டாகத் தெரியும் என்று தோன்றி, போடாமலே உட்கார்ந்தாள். மழை தொடங்கவில்லை. தொடங்கப்போவதன் மணம் மட்டும் சன்னல் வழியாக வந்தது. அதனோடு பவுடரின் மணம். அது பின்னறையிலிருந்து வரவில்லை. எங்கிருந்து என்று மோந்து பார்த்தாள். கைப்பேசியைப் பிடித்திருந்த தன் கையிலிருந்து.

சாயங்காலம் அண்ணனின் அஞ்சல் வந்தது. 'இன்றைய படம் எங்கே? வண்டிக்குச் சொல்லிவிடட்டுமா?'

அவள் பதிலைத் தொட்டாள். கிளிப் குறியின் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. 'அண்ணா, இன்று படம் இணைக்கவில்லை. இனியும் இணைக்க மாட்டேன். அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் நேரில் வாருங்கள். வண்டியை மட்டும் அனுப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.' ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். இணைப்பு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். அனுப்பு என்பதைத் தொட்டாள்.

கைப்பேசி தடுத்துக் கேட்டது: 'இணைப்பைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கோப்பு எதுவும் இணைக்கப்படவில்லை. அப்படியே அனுப்பவா?'

ஆம் என்றாள்.

கோடு ஓடியது. வெறும் எழுத்துகளுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. கோடு நிதானமாக, பாரம் சுமப்பதுபோல ஓடியது.

அனுப்பிய அஞ்சலின் பக்கத்தில் கிளிப் குறி இருந்தது.

அவள் திறக்கவேண்டாம் என்று நினைத்தாள். வழக்கம் திறந்தது.

திரை முழுவதும் தோல். மிக அருகில் ஒரு கன்னம். அதன் மேட்டில் ஆறி மஞ்சளித்த பழைய நீலம். ஓரத்தில் ஒரு கண். அதன் கருமணிக்குள், மேசைமுன் உட்கார்ந்திருந்த ஒரு சிறிய உருவம். அந்தக் கண் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. வாயின் மூலை, படத்தின் விளிம்பில், மேல்நோக்கி வளைந்திருந்தது. அம்மா சிரித்து அவள் பார்த்ததேயில்லை.

பின்னறையில் மெத்தை முழுதாக நிமிர்ந்தது.

ஓடினாள். நீலப் போர்வை, செருகிய ஓரங்கள் கலையாமல், மெத்தையோடு மெத்தையாகத் தட்டையாகக் கிடந்தது. தலையணையில் குழி இல்லை. மூக்குக் குழாய் மட்டும் தலையணைமேல் வளைந்து, நுனியில் ஒரு சொட்டுக் கஞ்சி திரண்டு, விழலாமா என்று நின்றிருந்தது. அம்மா, என்றாள். கட்டிலின் கீழே பார்த்தாள். அம்மா. கதவின் பின்னால் பார்த்தாள். சன்னலின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். மோட்டார் வெற்று மெத்தையை ஊதி ஊதி, பாரமில்லாத உற்சாகத்தோடு பாடிக்கொண்டிருந்தது.

அண்ணனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது.

"அண்ணா! அண்ணா, கதவத் திறக்காத. கேக்குதா? யார் கூப்பிட்டாலும் திறக்காத!"

மறுமுனையில் யாரோ வெறுங்காலோடு மரத்தரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவசரமில்லாத நடை. நெடுநாள் கழித்து நடக்கிறவர், ஒவ்வோர் அடியையும் ருசித்து வைக்கும் நடை. தூரத்தில் அண்ணனின் குரல், அதட்டல் உதிர்ந்து, சிறுவனின் குரலாகி, "அம்மா?" என்றது.

இணைப்பு அறுந்தது.

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நடைவழி இருண்டது. பிறகு கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

அண்ணனின் முகவரியிலிருந்து பதில். உரையில் ஒரு சொல்லும் இல்லை. கிளிப் குறி இருந்தது.

அண்ணன் இந்த இழையில் ஒருமுறைகூட எதையும் இணைத்ததில்லை. கேட்பது அவன் பங்கு. அனுப்புவது அவள் பங்கு.

அவள் தொடவில்லை. படம் தானாக இறங்கத் தொடங்கியது. மழையில் அலைவரிசை மெலிந்திருந்ததால் மேலிருந்து, பட்டை பட்டையாக. முதலில் ஒரு வெள்ளைக் கூரை. அவள் கண்டிராத ஒரு வீட்டின் கூரை. பிறகு சன்னல், அதில் அதிகாலை வெளிச்சம். பிறகு ஒரு கட்டிலின் தலைப்பலகை.

மோட்டாரின் சுருதி இறங்கியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எதிரே பார்க்க வேண்டும். அடுத்த பட்டை. தலையணை. நரைத்த, குட்டையாக வெட்டிய முடி. நெற்றி.

மோட்டார் முனகியது. அடித்தொண்டையிலிருந்து.

படத்தை மூடும் பெருக்கல் குறியை அழுத்தினாள். அழுத்தினாள். பட்டை இறங்கியது. கண்கள். அகன்று திறந்த கண்கள். அண்ணனின் கண்கள். மூக்கு. மூக்கினுள் ஏதோ செருகியிருந்தது. திறந்து தொங்கிய வாய். தாடைவரை இழுத்துச் செருகிய போர்வை. போர்வைமேல் இரு கைகள். உள்ளங்கைக்குள் இறுகிச் சுருண்ட விரல்கள். போர்வையின் குறுக்கே நீண்டு விழுந்த ஒரு நிழல், படமெடுத்தவளின் நிழல், அவிழ்ந்த கொண்டையோடு.

கால்கள்.

கடைசிப் பட்டை.

மெத்தை அமுங்கியது. கட்டிலின் மரம் கிரீச்சிட்டது. அம்மாவுக்கு ஒருநாளும் அப்படிக் கிரீச்சிட்டதில்லை. இது அதைவிடக் கனத்த உடல். கைப்பேசியின் திரை தானாக அணைந்தது. சன்னலில் எஞ்சியிருந்த மங்கலைத் தவிர அறையில் வேறு வெளிச்சம் இல்லை. சின்னவளின் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், நீலப் போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. தலையணைக் குழியில் அகன்று திறந்திருந்த இரு கண்கள், அசைய முடிந்த ஒரே உறுப்பாக, அவளை நோக்கித் திரும்பின.